கையெழுத்துக்கு முன்னால் அம்மாவோடு பேசுங்கள்: பள்ளி மேலாண்மைக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுத் தலைவிகளுக்கும், உறுப்பினர்களாக இருக்கும் அம்மாக்களுக்கும், தலைமையாசிரியர்களுக்கும் வணக்கம்.

நான் கிராம சுகாதார செவிலியராக வேலையில் சேர்ந்து, பகுதி சுகாதார செவிலியராக ஓய்வுபெற்றவள். துணை சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்கு ரத்த அழுத்தம் பார்ப்பது, அங்கன்வாடியில் புதன்கிழமைதோறும் குழந்தைகளுக்கு ஊசி போடுவது, பள்ளிகளில் புதுயுகம் நாப்கின் பாக்கெட்டுகளை எண்ணிக் கொடுப்பது எல்லாம் என் வேலையாக இருந்தன. உங்களில் பலரை உங்கள் அம்மாவின் இடுப்பில் இருந்த காலத்திலிருந்தே எனக்குத் தெரியும். அந்த உரிமையில் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது.

2025 மார்ச்சில் தமிழ்நாடு அரசின் நிதிநிலை அறிக்கையில், 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசியைப் படிப்படியாகப் போடப்போவதாக அறிவித்தார்கள். அதற்காக 36 கோடி ரூபாயும் ஒதுக்கினார்கள். 14 வயது என்றால் ஒன்பதாம் வகுப்பு. அதாவது உங்கள் பள்ளி. மருந்தைக் குளிர்பெட்டியில் பத்திரமாகக் கொண்டுவருவதும், ஊசி போடுவதும், போட்ட பிறகு கவனிப்பதும் சுகாதாரத் துறைக்குப் பழகிய வேலை. அதில் எனக்குப் பெரிய கவலை இல்லை. என் கவலை ஊசிக்கு முந்தைய நாளைப் பற்றியது.

பிள்ளையின் பையில் ஒப்புதல் படிவம் ஒன்று வீட்டுக்குப் போகும். மறுநாள் கையெழுத்தோடு திரும்பி வரும், அல்லது வராது. நடுவில் அந்த வீட்டில் யார் யாரிடம் என்ன கேட்டார்கள், என்ன பயந்தார்கள் என்பது யாருக்கும் தெரியாது. ஒரு பள்ளியில் வேறொரு ஊசிக்காக இப்படிப் போன படிவங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். பாதிக்கு மேல் ஒரே மாதிரி நீல மைக் கையெழுத்து. விசாரித்தால், காலையில் பள்ளி வாசலில் நின்று ஒரு பிள்ளையின் அண்ணன் எல்லோருக்கும் போட்டுக் கொடுத்திருக்கிறான். அவனைத் திட்டி என்ன பயன்? தாளைக் கொடுத்தோம், தாள் திரும்பி வந்தது. அம்மாவிடம் யாரும் பேசவில்லை.

இந்த ஊசிக்கு அது நடக்கக் கூடாது. ஊசி நாளுக்குப் பத்து, பதினைந்து நாள் முன்னதாக, ஒன்பதாம் வகுப்புப் பெண் பிள்ளைகளையும் அவர்களுடைய அம்மாக்களையும் ஒரே அறையில் உட்காரவைத்துப் பேச ஏற்பாடு செய்யுங்கள். அதே அறையில், அந்த அம்மாக்கள் தங்களுக்கான கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனைக்குத் தேதி வாங்கிக்கொண்டு போகட்டும். பிள்ளைக்கு ஊசி, அம்மாவுக்குப் பரிசோதனை. இரண்டையும் ஒன்றாகக் கட்டுங்கள். நான் கேட்பது இவ்வளவுதான்.

இந்த நோயைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கூட்டத்தில் நீங்கள்தான் முதலில் வாய் திறக்க வேண்டியிருக்கும்.

கர்ப்பப்பையின் வாய்ப் பகுதியில் வரும் புற்றுக்குக் காரணம் ஹெச்.பி.வி. என்ற வைரஸ். ஜெர்மனி விஞ்ஞானி ஹரால்ட் சூர் ஹவுசன் இதைக் கண்டுபிடித்துச் சொன்னார். அதற்காக 2008-இல் நோபல் பரிசும் பெற்றார். இந்த வைரஸில் நூற்றுக்கும் மேற்பட்ட ரகங்கள் இருக்கின்றன. அவற்றில் 16, 18 என்று எண் கொடுத்திருக்கும் இரண்டு ரகங்களால்தான் இந்தப் புற்றில் பத்துக்கு ஏழு வருகிறது. வைரஸ் உடலுறவு வழியாகப் பரவுகிறது. கல்யாணமாகிக் குடும்பம் நடத்தும் பெரும்பாலான பெண்களுக்கு இது எப்போதாவது ஒரு முறை வந்து, வந்ததே தெரியாமல் போய்விடும். ஓரிரு வருடத்தில் உடம்பே அதை விரட்டிவிடும். சிலருக்கு மட்டும் போகாமல் தங்கிவிடும். தங்கினால், 15 வருடம், 20 வருடம் கழித்துப் புற்றாக மாறலாம். எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கு இன்னும் சீக்கிரமே மாறிவிடலாம். அவர்களுக்கு இந்தப் புற்று வரும் ஆபத்து மற்றவர்களைவிட ஆறு மடங்கு அதிகம். சின்ன வயதில் கல்யாணம், அடுத்தடுத்துப் பிரசவம், புகையிலை இதெல்லாமும் ஆபத்தைக் கூட்டும்.

ஒழுக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. தன் புருஷனைத் தவிர வேறு யாரையும் அறியாத பெண்ணுக்கும் இது வரும். இதைக் கூட்டத்தில் சத்தமாகச் சொல்லுங்கள், ஒரு முறைக்கு இரண்டு முறை சொல்லுங்கள். இந்த நோயோடு வந்த பெண்களில் எத்தனையோ பேர் முதலில் கேட்டது, “நான் என்னம்மா தப்புப் பண்ணினேன்?” என்றுதான்.

2022-ஆம் ஆண்டுக்கான உலக அளவிலான மதிப்பீட்டின்படி, அந்த ஒரு வருடத்தில் மட்டும் இந்தியாவில் 1,27,000-க்கும் மேற்பட்ட பெண்களுக்குப் புதிதாக இந்தப் புற்று வந்தது. ஏறக்குறைய 80,000 பேர் இறந்தார்கள். புற்றாக மாற 15 வருடம் எடுத்துக்கொள்ளும் நோய். அதற்குள் எந்த வருடம் பார்த்திருந்தாலும் தடுத்திருக்கலாம். அத்தனை வருடம் கையில் இருந்தும் இவ்வளவு பேரை இழக்கிறோம்.

எப்படி இழக்கிறோம் என்பதை நான் பார்த்திருக்கிறேன். களையெடுப்புக்குப் போகிற ஒரு அக்கா. மாதவிலக்கு நின்று இரண்டு வருடம் ஆனபிறகு மறுபடி ரத்தம் பட்டிருக்கிறது. உடம்புச் சூடு என்று வெந்தயம் ஊறவைத்துக் குடித்திருக்கிறார். அப்புறம் நாற்றத்தோடு வெள்ளைப்பட ஆரம்பித்தது. பக்கத்தில் யாரும் உட்கார்ந்துவிடக் கூடாது என்று, பேருந்தில் இடம் இருந்தாலும் பின்படிக்கட்டுப் பக்கமே நின்று வருவார். வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. என்னிடம் வந்து சொன்னது அவருடைய மகள். அப்போது அவள் பதினோராம் வகுப்பு. நாப்கின் வாங்கும் வரிசையில் கடைசி ஆளாக நின்று, எல்லோரும் போனபிறகு, “சிஸ்டர், நின்னதுக்கு அப்புறம் ரத்தம் வந்தா சொல்லணும்னு போன தடவை சொன்னீங்கல்ல? அம்மா துணியைத் தனியா எடுத்துப்போய்த் துவைக்கிறாங்க” என்றாள்.

மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பார்த்தபோது மூன்றாம் நிலை. கதிர்வீச்சு சிகிச்சை தொடங்கினார்கள். அந்தப் பிள்ளை மட்டும் வாய் திறக்காமல் இருந்திருந்தால் அதுவும் நடந்திருக்காது.

வகுப்பறையில் பிள்ளைக்குச் சொல்வது வீட்டுக்குள் அம்மா வரைக்கும் போகிறது. அதே சமயம், அம்மாவுக்கே முதலில் தெரிந்திருந்தால் அந்தப் பிள்ளை பயந்து பயந்து வரிசையின் கடைசியில் நின்றிருக்க வேண்டாம். அதனால்தான் இருவரும் ஒன்றாகக் கேட்க வேண்டும் என்கிறேன்.

பரிசோதனையைப் பற்றி உங்களுக்குப் பயம் இருக்கும். என்ன செய்வார்கள் என்று தெரியாததால் வரும் பயம்தான் அது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் திரை போட்ட மேசையில் படுக்கச் சொல்வார்கள். பிரசவத்துக்குப் போனவர்களுக்கு அந்த மேசை பழக்கமானதுதான். உள்ளே பார்ப்பதற்கு ஒரு கருவியை வைத்து, கர்ப்பப்பை வாயில் பஞ்சால் அசெட்டிக் அமிலம் தடவுவார்கள். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், வினிகர் என்று கடையில் விற்பதுதான் அது. தண்ணீரில் மூன்று முதல் ஐந்து சதவீதம் மட்டுமே அமிலம் கலந்தது. ஒரு நிமிடம் பொறுத்துப் பார்ப்பார்கள். கோளாறான இடம் இருந்தால் அது மட்டும் வெள்ளையாகத் தெரியும். இல்லையென்றால் எழுந்து வீட்டுக்குப் போகலாம். லேசாக எரியும், வலிக்காது. வெள்ளையாகத் தெரிந்தாலே புற்று என்று அர்த்தம் இல்லை. அந்த இடத்தைப் பெரிய மருத்துவமனையில் இன்னும் நுணுக்கமாகப் பார்ப்பார்கள். புற்றாக மாறுவதற்கு முந்தைய மாற்றம் என்றால் அந்த இடத்தை மட்டும் குளிரவைத்தோ சுட்டோ அகற்றிவிடுவார்கள். பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதில்லை. 30 வயதிலிருந்து 65 வரை, ஐந்து வருடத்துக்கு ஒரு முறை செய்துகொண்டால் போதும்.

இது எங்கிருந்தோ வந்த யோசனையும் இல்லை. திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்களில், அம்பிளிக்கையை மையமாக வைத்து, 2000-இல் தொடங்கிப் பல வருடம் பெரிய ஆய்வு ஒன்று நடந்தது. 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு, பயிற்சி பெற்ற செவிலியர்கள் இதே வினிகர் பரிசோதனையை ஒரே ஒரு முறை செய்தார்கள். முடிவு 2007-இல் வெளியானது: பரிசோதனை நடந்த ஊர்களில் இந்தப் புற்றால் ஏற்படும் மரணம் 35 சதவீதம் குறைந்திருந்தது. உலகம் முழுக்க மேற்கோள் காட்டுகிற ஆய்வு அது. அதில் மேசையில் படுத்த பெண்கள் எல்லாம் நம் ஊர்க் கூலிக்காரப் பெண்கள்தான். தேனியிலும் தஞ்சாவூரிலும் அரசே முன்னோட்டமாகச் செய்து பார்த்து, பிறகு மாநிலம் முழுக்க விரித்தது.

அப்படியும் எத்தனை பேர் வந்திருக்கிறோம்? 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வில், 30 முதல் 49 வயதுத் தமிழ்நாட்டுப் பெண்களில் இந்தப் பரிசோதனையை ஒரு முறையாவது செய்துகொண்டவர்கள் 9.8 சதவீதம். இந்தியா முழுவதுக்கும் 1.9 தான், ஆகையால் நாம் முன்னணி மாநிலம். ஆனால் உங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் நாற்பது பெண் பிள்ளைகள் இருந்தால், அவர்களுடைய அம்மாக்களில் நான்கு பேர் செய்திருக்கலாம். மீதி முப்பத்தாறு பேர் அந்த அறையில் உங்கள் முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். ஊசி முகாமைக் காரணமாக வைத்து அவர்களை ஒரு முறை பிடித்துவிட்டால், அதைவிடப் பெரிய வேலை வேறு இல்லை.

இனி ஊசி. இதில் உயிருள்ள வைரஸ் கிடையாது. வைரஸின் மேல்தோலில் இருக்கும் ஒரு புரதத்தை மட்டும் ஆய்வகத்தில் தனியாகச் செய்து ஊசியில் வைத்திருக்கிறார்கள். உள்ளே மரபுப் பொருள் இல்லாததால் அதனால் நோயை உண்டாக்க முடியாது. உடம்பு அதைப் பார்த்து எதிர்ப்புச் சக்தியைத் தயார் செய்துகொள்ளும். 2006-இலிருந்து உலகில் கோடிக்கணக்கான பிள்ளைகளுக்குப் போட்டாகிவிட்டது. ஸ்காட்லாந்தில் 12, 13 வயதில் போட்டுக்கொண்ட பெண்கள் இப்போது வளர்ந்து பெரியவர்களாகிவிட்டார்கள். அவர்களில் ஒருவருக்குக்கூட இந்தப் புற்று வரவில்லை என்று 2024-இல் ஆய்வு வந்தது. நம் நாட்டில் சிக்கிம் மாநிலம் 2018-இலேயே பள்ளிகள் வழியாகத் தன் பெண் பிள்ளைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் போட்டுவிட்டது. புனேயின் சீரம் நிறுவனமே இப்போது இந்த ஊசியைத் தயாரிக்கிறது. தனியாரிடம் போட்டால் ஆயிரக்கணக்கில் ஆகும் ஊசி.

“இவ்வளவு சின்ன வயதில் எதற்கு?” என்று கட்டாயம் கேட்பார்கள். வைரஸ் உடம்புக்குள் வருவதற்கு முன்னால் போட்டால்தான் முழுப் பலன். அதோடு, 9 முதல் 14 வயதில் உடம்பு நன்றாக எதிர்ப்புச் சக்தியை உண்டாக்குகிறது. பெரியவர்களுக்கு அதிகத் தவணை தேவைப்படும். இந்தக் கேள்விக்குப் பின்னால் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கும்: இந்த ஊசியைப் போட்டால் என் பிள்ளையைப் பற்றி ஊர் என்ன பேசும்? அதற்கு நான் எப்போதும் சொல்கிற பதில் ஒன்று உண்டு. குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் ஹெபடைடிஸ் பி ஊசி போடுகிறோம். அந்தக் கிருமியும் ரத்தம் வழியாகவும் உடலுறவு வழியாகவும் பரவுவதுதான், ஈரலில் புற்றை உண்டாக்குவதுதான். பிறந்த குழந்தைக்கு அதை எதற்குப் போடுகிறீர்கள் என்று எந்த அம்மாவும் இதுவரை என்னைக் கேட்டதில்லை. இதுவும் புற்றைத் தடுக்கும் ஊசி. வருவது எப்போதோ, போடுவது இப்போதே.

குழந்தை பிறக்காமல் போகுமா என்றும் கேட்பார்கள். போகாது. பல நாடுகளில் ஆராய்ந்து பார்த்த பிறகே உலக சுகாதார நிறுவனம் இதைத் தெளிவாகச் சொல்கிறது. யோசித்துப் பாருங்கள், பிள்ளை பெறும் உறுப்பையே அறுத்தெடுக்க வைக்கிற நோயைத்தான் இது தடுக்கிறது.

எந்தக் கேள்வியையும் மட்டம் தட்டாதீர்கள். இப்படிக் கேட்பவர்களுக்குக் காரணம் இருக்கிறது. 2009-இல் இதே ஊசியை அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண் பிள்ளைகளுக்கு ஒரு திட்டத்தின் கீழ்ப் போட்டார்கள். அவர்களில் ஏழு பேர் இறந்த செய்தி வந்ததும் 2010 ஏப்ரலில் திட்டம் நின்றது. மரணங்களுக்கு ஊசி காரணம் இல்லை என்று விசாரணையில் சொன்னார்கள். பாம்புக்கடி, கிணற்றில் மூழ்கியது, காய்ச்சல் என்று வேறு வேறு காரணங்கள். ஆனால் விசாரணையில் வேறொன்று வெளியே வந்தது. விடுதியில் தங்கிப் படித்த பழங்குடிப் பிள்ளைகளுக்கு அப்பா அம்மா கையெழுத்து இல்லை. பல படிவங்களில் விடுதிக் காப்பாளரே கையெழுத்துப் போட்டிருந்தார். பெற்றோருக்கு என்ன ஊசி, எதற்கு என்றே தெரியாது. 2013-இல் நாடாளுமன்ற நிலைக்குழு இதைக் கடுமையாகக் கண்டித்தது. நல்ல ஊசிதான். கேட்காமல் போட்டதால், அதன்மேல் விழுந்த சந்தேகம் இந்த நாட்டில் பல வருடம் போகவில்லை. அந்த வருடங்களில் ஊசி கிடைக்காமல் வளர்ந்த பிள்ளைகள் இன்று கல்யாண வயதைத் தாண்டிவிட்டார்கள்.

ஜப்பானில் வேறு மாதிரி நடந்தது. ஊசிக்குப் பிறகு உடம்பு வலிக்கிறது, நடக்க முடியவில்லை என்று சில பிள்ளைகளின் படம் தொலைக்காட்சியில் திரும்பத் திரும்ப வந்தது. 2013 ஜூனில் அரசு பரிந்துரைப்பதை நிறுத்தியது. பத்தில் ஏழு பேர் போட்டுக்கொண்டிருந்த ஊசியை நூற்றில் ஒருவர்கூடப் போடாத நிலை வந்தது. ஆய்வுகளில் ஊசிக்கும் அந்தத் தொல்லைகளுக்கும் தொடர்பு தெரியவில்லை. ஆனாலும் மறுபடி பரிந்துரைக்க 2022 ஏப்ரல் ஆகிவிட்டது.

நம் ஊரிலேயே 2017 பிப்ரவரியில் தட்டம்மை, ரூபெல்லா ஊசி முகாம் நடந்தபோது வாட்ஸ்ஆப்பில் என்னென்ன வந்தது என்று பழைய ஆசிரியர்களைக் கேளுங்கள். எந்த ஊரில் எந்தப் பிள்ளை என்று பெயரே இல்லாமல் ஒரு குரல் பதிவு சுற்றியது. மறுநாள் பல பள்ளிகளில் அம்மாக்கள் வந்து பிள்ளைகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். முகாமையே மார்ச் வரை நீட்ட வேண்டியிருந்தது. முன்கூட்டியே அம்மாக்களோடு உட்கார்ந்து பேசியிருந்த ஊர்களில் இந்தப் பதற்றம் குறைவாக இருந்ததை நான் கண்ணால் பார்த்தேன். பதிவு அவர்கள் கைப்பேசிக்கும் வந்தது. ஆனால் அவர்கள் பதறுவதற்கு முன்னால் எங்களுக்குப் போன் போட்டார்கள். அதுதான் வித்தியாசம்.

சரி, கூட்டத்தை எப்படி நடத்துவது?

மதியம் மூன்று மணிக்கு வைத்தால் அம்மாக்கள் வர முடியாது. நடவு, களையெடுப்பு, பனியன் கம்பெனி, செங்கல் சூளை, நூறு நாள் வேலை என்று கூலிக்குப் போனவர்கள் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வர மாட்டார்கள், வரச் சொல்வதும் நியாயம் இல்லை. மாலை ஆறு மணிக்கு மேல் வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை வையுங்கள். அதற்கும் வராதவர்களைத் தேடி மகளிர் சுயஉதவிக் குழுக் கூட்டத்துக்குப் போங்கள், வேலைத் தளத்துக்கே போங்கள். சட்டப்படி உங்கள் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். எந்தத் தெருவில் எந்த அம்மா எத்தனை மணிக்கு வீட்டில் இருப்பார் என்று தலைமையாசிரியரைவிட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

முதல் அரை மணி நேரம் அம்மாவும் மகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரட்டும். கரும்பலகையில் கர்ப்பப்பை படத்தைப் பெரிதாக வரைந்து, எது வாய், எங்கே கிருமி தங்கும், எங்கே பரிசோதிப்பார்கள் என்று செவிலியர் காட்டட்டும். அறிவியல் டீச்சர் வரைந்தால் இன்னும் நன்றாக வரைவார். உடலுறவு என்ற சொல்லை விழுங்காமல் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போங்கள். சொல்பவர் நெளிந்தால் கேட்பவர்களும் நெளிவார்கள். அதன் பிறகு பிள்ளைகளை ஒரு அறைக்கும் அம்மாக்களை இன்னொரு அறைக்கும் பிரியுங்கள். ஒருவர் முன்னால் மற்றவர் கேட்க முடியாத கேள்விகள் இருவரிடமும் உண்டு.

பிள்ளைகளுக்கு ஒரு அட்டைப்பெட்டி வையுங்கள். பெயர் போடாமல் துண்டுச் சீட்டில் எழுதிப் போடச் சொல்லுங்கள். நான் வைத்த பெட்டிகளில் வந்த சீட்டுகள் இன்னும் ஞாபகம் இருக்கின்றன. “ஊசி போட்டா பீரியட்ஸ் நின்னுடுமா?” “எனக்கு வெள்ளைப்படுது, அது கேன்சரா?” “எங்க பாட்டிக்கு இது இருந்துச்சு, எனக்கும் வருமா?” ஒரு சீட்டில் வெறும் “பயமா இருக்கு” என்று மட்டும் இருந்தது. வயதுக்கு வந்த பிள்ளைகளுக்கு வாசனை, அரிப்பு இல்லாமல் வெள்ளைப்படுவது இயல்பு என்பதைக்கூட யாரும் சொல்லித் தராததால், அதைப் புற்று என்று நினைத்துத் தூங்காமல் கிடந்த பிள்ளைகள் உண்டு. இந்தச் சீட்டுகளை அவசரப்பட்டு முடிக்காதீர்கள். பெட்டி காலியாகும் வரை பதில் சொல்லுங்கள்.

அம்மாக்கள் அறையில் நீங்களே தொடங்குங்கள். தலைவியாக இருப்பவர் முதலில் பரிசோதனைக்குப் போய் வந்து, “நான் பண்ணிக்கிட்டேன், பத்து நிமிஷம்கூட ஆகலை” என்று சொன்னால், செவிலியர் ஒரு மணி நேரம் பேசுவதைவிட அது அதிகம் எடுபடும். அங்கேயே ஒரு நோட்டில் பெயரும் தேதியும் எழுதிக்கொள்ளுங்கள். சுகாதார நிலையத்தில் அந்த நாளில் பெண் செவிலியர் இருப்பாரா, அறைக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, திரை இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டு உறுதி செய்யுங்கள். இதைக் கேட்பது உங்கள் உரிமை. கிழிந்த திரைக்காகத் திரும்பிப் போன பெண்கள் உண்டு, திரும்பிப் போனவர்கள் பிறகு வருவதில்லை. நாலைந்து பேராகச் சேர்ந்து போங்கள். ரத்தப் போக்கோ, நாற்றத்தோடு வெள்ளைப்படுவதோ இருப்பவர்கள் அந்தத் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம், மறுநாளே மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள். சந்தேகம் எதுவானாலும் 104-க்குக் கூப்பிட்டுக் கேட்கலாம். ஊசி போட்ட பிள்ளைகளும் 30 வயதுக்கு மேல் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்பதையும் அங்கேயே சொல்லிவையுங்கள். ஊசி எல்லா ரகத்தையும் தடுப்பதில்லை.

அப்பாக்களை விட்டுவிடாதீர்கள். நிறைய வீடுகளில் “அவரைக் கேட்டுச் சொல்றேன்” என்பதுதான் பதிலாக இருக்கும். அவர் திருப்பூரிலோ துபாயிலோ இருப்பார். ஊருக்குள் இருக்கும் அப்பாக்களுக்கு ஒரு நாள் டீக்கடைப் பக்கமே கூட்டம் போட்டாலும் சரி, சுகாதார ஆய்வாளர் வந்து பேசுவார். வைரஸ் பரவுவதில் ஆணுக்கும் பங்கு உண்டு என்பதை அவர்களிடம் ஓர் ஆண் சொல்வது நல்லது. பையன்களுக்கும் இந்த ஊசியைப் போடுகிற நாடுகள் இருக்கின்றன. நம் ஊருக்கும் அது வர வேண்டும் என்பது என் ஆசை.

விடுதிப் பிள்ளைகளை நினைத்தால் எனக்குக் கம்மம்தான் ஞாபகம் வருகிறது. ஆதிதிராவிடர் நல விடுதியிலோ பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியிலோ இருக்கும் பிள்ளைக்காகக் காப்பாளர் கையெழுத்துப் போட அனுமதிக்காதீர்கள். பெற்றோர் வரும் நாளில் கூட்டத்தை வையுங்கள். மலையிலிருந்து இறங்கி வர முடியாதவர்களிடம் செவிலியரும் அந்தப் பிள்ளையும் சேர்ந்து போனில் பேசட்டும். ஒரு அம்மா “வேண்டாம்” என்றால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். அடுத்த முகாமுக்கு அவரே வருவார், நான் பார்த்திருக்கிறேன். மிரட்டினால் அவரும் வர மாட்டார், அவருடைய தெருவும் வராது.

பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகள் இன்னொரு கவலை. இடைநின்ற பிள்ளைகளின் பட்டியல் உங்கள் குழுவிடம்தான் இருக்கிறது. எட்டாம் வகுப்போடு நிறுத்தி, பதினாறில் கல்யாணம் பேசப்படும் பிள்ளைக்குத்தான் இந்த நோய் வரும் ஆபத்து அதிகம், அந்தப் பிள்ளை வகுப்பு வருகைப் பதிவேட்டில் இருக்காது. பட்டியலைச் செவிலியரிடம் கொடுத்துவிடுங்கள். ஊசி நாளன்று அந்தப் பிள்ளைகளை நீங்களே கையோடு கூட்டி வாருங்கள். முடிந்தால் மறுநாளும் அவர்கள் பள்ளிக்கு வரட்டும்.

ஊசி நாளைப் பற்றி ஒன்றே ஒன்று. பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டு வர வேண்டும். உட்காரவைத்துத்தான் போட வேண்டும், போட்ட பிறகு அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். இந்த வயதுப் பிள்ளைகளுக்கு எந்த ஊசி போட்டாலும் பயத்தில் மயக்கம் வருவது உண்டு. ஒருத்தி விழுந்தால் பார்த்துக்கொண்டிருக்கும் நாலு பேர் விழுவார்கள். வாசலில் யாராவது அதைப் படம் எடுத்தால் சாயங்காலத்துக்குள் மாவட்டம் முழுக்கப் போய்விடும். போட்டவர்களையும் காத்திருப்பவர்களையும் வேறு வேறு அறையில் வையுங்கள். கூட இரண்டு அம்மாக்கள் இருந்தால் பாதிப் பயம் தீரும். கை வலியும் லேசான காய்ச்சலும் ஓரிரு நாளில் போய்விடும் என்று முன்பே சொல்லியிருந்தால், வீட்டில் யாரும் பதற மாட்டார்கள்.

அடுத்த குழுக் கூட்டத்தின் தீர்மானப் பதிவேட்டில் இதை எழுதுங்கள்: அம்மா, மகள் கூட்டம் எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, அம்மாக்களுக்கான பரிசோதனை எந்தத் தேதியில், வராதவர்களின் வீட்டுக்குப் போகப்போகும் உறுப்பினர் யார். எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்டு, ஒரு நகலை ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலருக்கும் இன்னொன்றை உங்கள் கிராம சுகாதார செவிலியருக்கும் கொடுங்கள். இரண்டு வாரம் முன்பே தேதி தெரிந்தால், பரிசோதனைக் கருவிகளைக் கிருமி நீக்கி வைக்கவும், அறையை ஒழுங்குபடுத்தவும் அவர்களுக்கு நேரம் கிடைக்கும்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற பகுதி சுகாதார செவிலியர் ஒருவர்